எடை குறைய இரைப்பையில் 'பேண்டு': 5 வருஷம் கழித்து யார் பார்த்துக்கொள்வார்கள்?

"இரைப்பையை வெட்ட மாட்டாங்க. குடலைத் தொட மாட்டாங்க. சின்னதா ஒரு வளையம் மாட்டுவாங்க, அவ்வளவுதான். பிடிக்கலைன்னா கழட்டிக்கலாம்."

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைகளில் கேட்பதற்கு இவ்வளவு இதமாக இருப்பது கேஸ்ட்ரிக் பேண்டு ஒன்றுதான். ஸ்லீவ், பைபாஸ் என்றாலே பயப்படுகிறவர்கள்கூட பேண்டு என்றதும் 'ட்ரை பண்ணித்தான் பார்ப்போமே' என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். அப்படி யோசிக்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. தேசிய குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஆய்வில் இது பெண்களில் 30.9, ஆண்களில் 28.2 ஆக இருந்தது. காலையில் ஷேர் ஆட்டோ, பகலெல்லாம் சிஸ்டம், ராத்திரி பத்து மணிக்கு பிரியாணி என்று ஓடுகிற தலைமுறைக்கு இந்த எண்கள் ஆச்சரியம் தராது. டயட், ஜிம், இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் எல்லாம் பார்த்து, குறைந்த எடை வட்டியோடு திரும்பி வந்த பிறகுதான் பலர் ஆபரேஷன் பக்கம் திரும்புகிறார்கள்.

நம்முடைய நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். இன்றைக்குப் புதிதாக முடிவெடுக்கும் பெரும்பாலானவர்களுக்குப் பேண்டு சரியான தேர்வு இல்லை. காஞ்சிபுரம் மாதிரி, சர்ஜன் இருக்கும் நகரத்திலிருந்து 75 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இன்னும் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

வளையம் என்ன செய்கிறது?

உணவுக்குழாய் வந்து இரைப்பையோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, சிலிகோனால் ஆன வளையம் ஒன்றை லேப்ராஸ்கோப்பி மூலம் மாட்டுகிறார்கள். வளையத்துக்கு மேலே இரைப்பையில் ஒரு சின்னப் பை மட்டும் மிஞ்சும். சில ஸ்பூன் சாப்பாட்டிலேயே அது நிரம்பிவிடும். வளையத்தின் உட்பக்கம் பலூன் மாதிரி உப்பக்கூடியது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று, வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கப்படும் 'போர்ட்' வரை வரும். டாக்டர் அந்த போர்ட்டில் ஊசி போட்டு உப்பு நீரை ஏற்றினால் வளையம் இறுகும். எடுத்தால் தளரும்.

ஆக, ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது ஆரம்பம் மட்டும்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், மாதத்துக்கு மாதம்கூட மாறும். அதிகம் இறுகினால் வாந்தி, நெஞ்செரிச்சல். குறைவாக இருந்தால் பசி அடங்காது. முதல் வருஷத்தில் மட்டும் பல தடவை போய் 'அட்ஜஸ்ட்' செய்துகொள்ள வேண்டியிருக்கும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்களுக்கு, நெய்த துணி சுற்றும் கட்டை வயிற்றுக்கு நேரே இருக்கும். போர்ட் எந்த இடத்தில் வரும் என்பதை அவர்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும். சென்னை டாக்டருக்குத் தறியில் உட்காரும் முறை தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு விஷயம், விளம்பரங்களில் 'பேண்டு', 'பெல்ட்', 'பலூன்', 'ரிங்' எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. பலூன் என்பது இரைப்பைக்கு உள்ளே வைத்து, சில மாதங்களில் எடுத்துவிடும் தற்காலிக ஏற்பாடு. ஸ்லீவ் அல்லது பைபாஸ் செய்துவிட்டு அதன் மேல் ஒரு வளையமும் மாட்டுவது வேறு. நாம் இங்கே பேசுவது, வெட்டாமல் வளையம் மட்டும் மாட்டும் அட்ஜஸ்டபிள் பேண்டைப் பற்றி. யாராவது உங்களிடம் 'பேண்டு' என்றால், முதல் கேள்வியே "எந்தப் பேண்டு?" என்பதாக இருக்கட்டும்.

தடை இல்லை, ஆனாலும் காணாமல் போனது

1993-ல் பெல்ஜியத்தில் லேப்ராஸ்கோப்பி மூலம் இதை முதலில் மாட்டினார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2001 ஜூனில் அனுமதி தந்தது. 2011 பிப்ரவரியில் விதியைத் தளர்த்தி, கூடவே ஒரு நோய் இருந்தால் பி.எம்.ஐ. 30 உள்ளவர்களுக்கும் மாட்டலாம் என்றது. அந்த வருஷம் அமெரிக்காவில் நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் 35 சதவீதம் பேண்டுதான். 2019-ல் அது 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. இந்தியாவிலும் பெரிய மையங்களில் இப்போது நடப்பது பெரும்பாலும் ஸ்லீவும் பைபாஸும்தான்.

யாரும் தடை செய்யவில்லை. பெரிய ஊழல் வழக்கு எதுவும் அதை வீழ்த்தவில்லை. மாட்டிய டாக்டர்களே மாட்டுவதை விட்டுவிட்டார்கள். காரணம், சில வருஷங்கள் கழித்து அதே நோயாளிகள் திரும்பி வந்தார்கள்.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டில் 2006 முதல் 2013 வரை பேண்டு மாட்டிக்கொண்ட சுமார் 25,000 பேரின் கணக்கை 2017-ல் ஓர் ஆய்வு அலசியது. 18.5 சதவீதம் பேருக்குப் பேண்டு தொடர்பாக மறு ஆபரேஷன் தேவைப்பட்டிருந்தது. மொத்தச் செலவில் கிட்டத்தட்ட பாதி, போட்டதைச் சரிசெய்யவும் கழற்றவுமே போயிருந்தது. பிரஸ்ஸல்ஸில் ஒரே மையத்தில் மாட்டிக்கொண்டவர்களை 12 வருஷத்துக்குப் பிறகு தேடிப் பார்த்த ஆய்வு 2011-ல் வந்தது. அதில் சிக்கியவர்கள் 82 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் சுமார் பாதிப் பேரிடம்தான் பேண்டு இன்னும் உள்ளே இருந்தது. கால்வாசிக்கும் மேற்பட்டவர்களுக்கு வளையம் இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருந்தது.

'கழட்டிக்கலாம்' என்ற வாக்குறுதியைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள். கழற்றலாம் என்பது உண்மை. ஆனால் அது செல்போன் கவரைக் கழற்றுவது மாதிரி கிடையாது. இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு ஆபரேஷன், வளையத்தைச் சுற்றி இறுகிப்போன தழும்புத் திசு, இன்னொரு பில். கழற்றிய பிறகு பசி பழையபடி வரும், எடையும் பெரும்பாலும் பின்னாலேயே வரும். பேண்டு பசியைக் கிளப்பும் ஹார்மோன்களைத் தொடுவதில்லை என்பதுதான் இதற்கு அடிப்படை. ஸ்லீவ், பைபாஸ் இரண்டும் உடலின் பசிக் கணக்கையே ஓரளவு மாற்றுகின்றன. பேண்டு வாசலில் கேட் போடுகிறது, அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுவோம். மெல்போர்னில் பால் ஓ'பிரையன் குழு 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பேண்டு மாட்டி, 15 வருஷம் வரை விடாமல் பின்தொடர்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டது. 15-வது வருஷத்திலும் சராசரியாக உபரி எடையில் 47 சதவீதம் குறைந்தே இருந்தது. மோசமில்லை. ஆனால் அதே ஆய்வில், வளையத்துக்கு மேலே இருக்கும் பை வீங்கியதால் 26 சதவீதம் பேருக்கும், போர்ட் மற்றும் குழாய்ப் பிரச்சினையால் 21 சதவீதம் பேருக்கும் மறு சிகிச்சை தேவைப்பட்டது. அங்கே வேலை செய்தது வளையம் மட்டுமல்ல, 15 வருஷம் திறந்திருந்த ஒரு கிளினிக்கும், அங்கே திரும்பத் திரும்ப வந்த நோயாளிகளும்தான். நீங்கள் போகப்போகும் இடத்தில் அந்த கிளினிக் இருக்கிறதா?

109 கிலோவிலிருந்து 88

'உபரி எடையில் 50 சதவீதம்' என்று ஆய்வுகளில் வரும். நம்மில் பலர் இதை மொத்த எடையில் பாதி என்று படித்துவிடுகிறோம். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உயரம் 165 சென்டிமீட்டர், எடை 109 கிலோ என்றால் பி.எம்.ஐ. 40. அதே உயரத்துக்கு பி.எம்.ஐ. 25 என்பது 68 கிலோ. உபரி எடை 41 கிலோ. அதில் பாதி குறைந்தால், 88 கிலோவில் வந்து நிற்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாவற்றுக்கும் இந்த 20 கிலோ பெரிய வித்தியாசம். ஆனால் 'பழைய போட்டோ' உடம்பு திரும்பாது.

இந்த அளவையாவது எத்தனை பேர் தொடுகிறார்கள்? பிரிட்டனில் 12 மருத்துவமனைகளில் 1,300-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2025-ல் வெளியானது. மூன்று வருஷம் கழித்து உபரி எடையில் பாதியாவது குறைந்தவர்கள் பைபாஸ் குழுவில் 68 சதவீதம், ஸ்லீவ் குழுவில் 41 சதவீதம், பேண்டு குழுவில் 25 சதவீதம். நாலு பேரில் ஒருவர். மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வு என்பதால், மற்ற எல்லா எண்களையும்விட இதற்குத்தான் நாம் அதிக எடை கொடுப்போம்.

இட்லி சிக்கும், பாயசம் வழுக்கும்

பேண்டு சாப்பாட்டு அளவைக் கட்டுப்படுத்தும், கலோரியை அல்ல. இது கேட்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். நம்ம ஊர்த் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

வளையம் மாட்டியவர்கள் சின்னச் சின்ன வாயாக எடுத்து, கூழாகும் வரை மென்று, மெதுவாகச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சோறு, பிரெட், சப்பாத்தி, நார் உள்ள கறி எல்லாம் சரியாக மெல்லாவிட்டால் வளையத்தில் சிக்கிக்கொள்ளும். நெஞ்சு அடைக்கும், கடைசியில் வாந்தியில் முடியும். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியில் ஒரு துண்டை அவசரமாக விழுங்கினாலும் இந்த அவஸ்தை வரலாம். அதே ஆள் ஒரு டம்ளர் பாயசம், ஒரு மில்க் ஷேக், நெய் மிதக்கும் சர்க்கரைப் பொங்கல், ஐஸ்கிரீம் என்று இறக்கினால் எதுவும் தடுக்காது. வழுக்கிக்கொண்டு போய்விடும்.

பேண்டு மாட்டியவர்கள் நாளடைவில் இனிப்பான, குழைந்த, திரவமான உணவுக்கு மாறிவிடுவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். இதை மன உறுதி இல்லாமை என்று சொல்வது அநியாயம். சிக்காத உணவைத் தேடி உடம்பு போகிறது, அவ்வளவுதான். அரிசியும் இனிப்புப் பிரசாதமும் அன்றாடமாக இருக்கும் ஊரில், புரதத்துக்குப் பருப்பை மட்டும் நம்பியிருக்கும் சைவ வீட்டில், இந்த வழுக்கல் இன்னும் சுலபம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கேன்டீன் வரிசையில் நின்று, அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்து லைனுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல சூப்பர்வைசர் காத்திருக்க மாட்டார்.

அடிக்கடி வாந்தி வருகிறதென்றால் அதை 'பேண்டு வேலை செய்யுது' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. வாரக்கணக்கில் வாந்தி தொடர்ந்தால் பி1 வைட்டமின் தீர்ந்து நரம்புகள் பாதிக்கப்படும். நிரந்தரப் பாதிப்பாகவும் அது மாறலாம்.

அப்போ எதுதான் சரி?

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். திரும்ப ஒட்ட வைக்க முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் புதிதாக வரும், அல்லது இருப்பது கூடும். பைபாஸில் இரைப்பையைச் சின்னதாக்கி, அதை நேரே சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். எடைக்கும் சர்க்கரை நோய்க்கும் பலன் அதிகம். அதற்கு விலை, வாழ்நாள் முழுக்க இரும்பு, பி12, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ரத்தசோகை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரியைப் படிக்க வேண்டும். இரண்டுக்குப் பிறகும் மது சீக்கிரம் தலைக்கு ஏறும். வீக்எண்டு 'ஜஸ்ட் ரெண்டு' பழக்கம் உள்ளவர்கள் இதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

ஊசி மருந்துகள் வந்த பிறகு கணக்கு இன்னும் மாறியிருக்கிறது. டிர்ஸெபடைட் 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரிலும், எடைக் குறைப்புக்கான செமாகுளூடைட் அதே வருஷம் ஜூனில் வெகோவி என்ற பெயரிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. பரிசோதனைகளில் சுமார் ஒன்றரை வருஷத்தில் செமாகுளூடைட் சராசரியாக 15 சதவீதமும், டிர்ஸெபடைட் அதிக அளவில் 20 சதவீதத்தை ஒட்டியும் உடல் எடையைக் குறைத்தன. வெட்டு இல்லை, தையல் இல்லை, வேண்டாம் என்றால் நிறுத்தலாம். பேண்டு தருவதாகச் சொன்ன வசதியை இது ஆபரேஷனே இல்லாமல் தருகிறது. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் பேண்டு கதைதான். செமாகுளூடைட் ஆய்வில், நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. மாதாமாதம் செலவு இருக்கிறது. அதனால் பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டிய, சர்க்கரை கட்டுக்கடங்காத ஒருவருக்கு ஆபரேஷன் இன்னும் வலுவான வழியாகவே இருக்கிறது. 'ஊசி வந்துடுச்சு, ஆபரேஷன் காலி' என்று வரும் ரீல்ஸை நம்பி அவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை.

75 கிலோவுக்கும் 109 கிலோவுக்கும் நடுவில்

யாருக்கு ஆபரேஷன் என்பதில் மருத்துவ வழிகாட்டியும் இன்ஷூரன்ஸும் ஒரே கோட்டில் இல்லை. அமெரிக்க, சர்வதேச பேரியாட்ரிக் சங்கங்கள் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி, ஆசியர்களுக்கு 27.5 பி.எம்.ஐ.யிலிருந்தே ஆபரேஷனைப் பரிசீலிக்கச் சொல்கிறது. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதுதான் காரணம். நம்முடைய 165 சென்டிமீட்டர் ஆளுக்கு இது 75 கிலோ.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் வகுத்த விதிப்படி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்க வேண்டிய அளவு வேறு. 18 வயது முடிந்திருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரைத்திருக்க வேண்டும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல், அதாவது 109 கிலோ. இல்லையென்றால் பி.எம்.ஐ. 35-ஐத் தொட்டு, அதாவது 95 கிலோ, கூடவே இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை போன்ற ஒன்று இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும்.

நடுவில் இருக்கிறவர்கள்தான் சொந்தக் காசில், கடன் வாங்கி, ஈ.எம்.ஐ. போட்டு வருகிறவர்கள். விளம்பரங்கள் குறிவைப்பதும் இவர்களைத்தான். அமெரிக்காவில் இது முன்பே நடந்தது. தெற்கு கலிஃபோர்னியாவில் ஹைவே ஓரமெல்லாம் பேண்டு விளம்பரப் பலகைகள் நின்றன. ஆபத்துகளைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2011 டிசம்பரில் எஃப்.டி.ஏ. அந்த விளம்பர நிறுவனத்துக்கும் எட்டு ஆபரேஷன் மையங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இன்றைக்கு அந்தப் பலகை உங்கள் இன்ஸ்டாகிராமில் நிற்கிறது. ஈ.எம்.ஐ.யில் கையெழுத்துப் போடுவதற்கு முன், பின்னாளில் அட்ஜஸ்ட் செய்யவும் கழற்றவும் ஆகும் செலவு பேக்கேஜில் இருக்கிறதா, பாலிசி அதை ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப் பேச்சு போதாது.

பம்மல் சொன்னது

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்காகச் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். சிகிச்சை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நிலைமை மோசமானது. வேறு மருத்துவமனைக்கு மாற்றியும் காப்பாற்ற முடியவில்லை. முதலில் வேறிடத்தில் சொன்ன தொகையைவிட இங்கே செலவு குறைவு என்பதால் சேர்த்ததாகக் குடும்பத்தினர் சொன்னது செய்திகளில் வந்தது. சுகாதாரத் துறை விசாரணைக் குழு அமைத்தது. அதன்பின் அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது.

அங்கே எந்த வகை ஆபரேஷன் என்பது இரண்டாவது கேள்வி. அதிக எடை உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனித் திறமை. மூச்சுக்குழாயில் டியூப் போடுவது கஷ்டம், ஸ்லீப் ஆப்னியா இருந்தால் அபாயம் கூடும், ஐ.சி.யூ. அதே கட்டிடத்தில் தயாராக இருக்க வேண்டும். நல்ல மையங்களில் நடக்கும்போது இந்த ஆபரேஷன்களில் உயிரிழப்பு மிக அரிது. ஆனால் அந்த 'மிக அரிது' என்ற எண், நல்ல மையங்களின் எண். சர்ஜன் பெயரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்கிறோம். அவர் எந்தக் கட்டிடத்தில் வைத்துச் செய்யப்போகிறார், அங்கே இதுவரை எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்கிறது, மயக்க மருந்து நிபுணர் யார், ராத்திரி யார் இருப்பார் என்று கேட்பதில்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் நம்மிடம் உண்டு. கோபித்துக்கொள்கிற டாக்டரை விட்டு எழுந்து வந்துவிடலாம்.

முகூர்த்த தேதி ஒரு காரணம் ஆகாது

ஊரெல்லாம் கல்யாணப் பட்டு எடுக்க வரும் இடம் காஞ்சிபுரம். கடையில் புடவையை மேலே போட்டுப் பார்க்கும் நேரத்திலேயே "இன்னும் கொஞ்சம் இளைச்சா எடுப்பா இருக்கும்மா" என்று யாராவது ஒரு அத்தை சொல்லிவிடுவார். அதைக் கேட்டுவிட்டு ஆறு மாதத்தில் கல்யாணம், அதற்குள் எடை குறைய வேண்டும் என்று ஆபரேஷன் தேடும் பெண்கள் இருக்கிறார்கள். தேட வைக்கும் வீடுகளும் இருக்கின்றன.

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். வேகமாக எடை இறங்கும் அந்தக் காலத்தில் தாய்க்கும் குழந்தைக்கும் சத்து போதாது. கல்யாணமான அடுத்த மாதமே "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்கும் வீட்டில் இதை யார் விளக்கப்போகிறார்கள்? பேண்டில் ஒரு உண்மையான வசதி இங்கே இருக்கிறது: கர்ப்பமானால் உப்பு நீரை எடுத்து வளையத்தைத் தளர்த்திவிடலாம். அந்த ஒரு வசதிக்காக மற்ற எல்லாவற்றையும் சுமக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. உங்கள் சர்க்கரை, உங்கள் மூட்டு, உங்கள் தூக்கம் காரணமாக இருந்தால் யோசியுங்கள். மண்டபம் புக் ஆன தேதி காரணம் என்றால் வேண்டாம்.

எல்லாம் தெரிந்தும் பேண்டுதான் என்றால்

வெட்டி எடுப்பதற்கு மனம் ஒப்பாதவர்கள், வேறு மருத்துவக் காரணங்களால் ஸ்லீவும் பைபாஸும் முடியாதவர்கள் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்கள் கேட்க வேண்டியது, இந்தப் பேண்டை இன்னும் 10 வருஷம் அட்ஜஸ்ட் செய்ய இந்த மையத்தில் ஆள் இருப்பார்களா என்பதை. பேண்டு மாட்டத் தெரிந்தவர்களே குறைந்துவரும் காலத்தில், பராமரிக்கத் தெரிந்தவர்கள் அதைவிட வேகமாகக் குறைகிறார்கள். செங்கல்பட்டு வழியாக ரயில் பிடித்தோ, பஸ்ஸிலோ சென்னை போய், ஊசி போட்டு உப்பு நீரைக் கூட்டிக் குறைத்துவிட்டு வர ஒரு நாள் போய்விடும். கூலிக்கு நெய்கிறவருக்கு அது ஒரு நாள் கூலி. ஐ.டி. வேலையில் இருப்பவருக்கு ஒரு லீவு. முதல் வருஷம் உற்சாகத்தில் போவோம், மூன்றாவது வருஷம் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளுவோம். அங்கேதான் பேண்டு தோற்க ஆரம்பிக்கிறது.

பெரிய அரசு மருத்துவமனைகளிலும் எடைக் குறைப்பு ஆபரேஷன்கள் நடந்திருக்கின்றன. கடன் வாங்குவதற்கு முன் சென்னையில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை-குடல் அறுவை சிகிச்சைப் பிரிவில் இரண்டாவது கருத்து கேட்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

ஏற்கெனவே பேண்டு மாட்டியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயந்து கழற்ற ஓட வேண்டாம். நன்றாக இருக்கிறது என்றால் இருக்கட்டும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டிவிடுங்கள். ஆனால் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, வாந்தி நிற்கவே இல்லை, மேல் வயிற்றில் கடும் வலி என்றால் வளையம் நழுவியிருக்கலாம். அது எமர்ஜென்சி. ராத்திரி 11 மணிக்குப் பக்கத்து கேஷுவால்டியில் இருக்கும் ட்யூட்டி டாக்டர் இதுவரை ஒரு பேண்டையும் பார்த்திருக்க மாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்த கம்பெனிப் பேண்டு, என்றைக்கு மாட்டியது, கடைசியாக எவ்வளவு உப்பு நீர் ஏற்றியது, சர்ஜனின் போன் நம்பர் என்ன என்பதை ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். போனிலும் போட்டோ எடுத்து வையுங்கள், வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். போர்ட்டில் தகுந்த ஊசியைப் போட்டு அந்த உப்பு நீரை வெளியே எடுத்தால் வளையம் உடனே தளரும். எத்தனை மில்லி எடுக்க வேண்டும் என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கும்.